40 வயசு தாண்டுன மாந்தோப்பை வெட்டிப் புதுப்பிக்கிறது எப்படி: கடைசி காய் எறக்குறதுலேந்து மறுபடி காய்க்கிற வரைக்கும்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அப்பா தாத்தா காலத்துல 30 அடிக்கு 30 அடினு வெச்ச தோப்பு நெறைய இருக்கு. இப்ப போய் பாத்தா மரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு நிக்கும், கீழ மதியம் 12 மணிக்கே இருட்டா இருக்கும், காய் எல்லாம் உச்சில எட்டாத எடத்துல. இந்த தோப்பை வேரோட புடுங்கிட்டு புது கன்னு வைக்கலாமானு கேக்குறவங்களுக்கும், யூட்யூப் பாத்துட்டு செயின் சா வாடகைக்கு எடுத்து ஒரே நாள்ல மொட்டை அடிக்க கெளம்புறவங்களுக்கும் தான் இதை எழுதுறேன். ரெண்டாவது ரகம் ஆளு தான் நானும். மொத தடவை அஞ்சு மரத்தை ஏப்ரல் மாசம் வெட்டி அதுல ரெண்டு செத்துப்போச்சு, ஏன்னு கீழ வரும்.

வெட்டுறது ஒரு மரத்துக்கு ரெண்டு மணி நேர வேலை. அதுக்கு முன்னாடி ஒரு மூணு மாசமும் பின்னாடி ரெண்டு வருஷமும் இருக்கு பாருங்க, தோப்பு பொழைக்கிறதும் சாகுறதும் அங்க தான்.

1. மரத்துக்கு வயசாயிடுச்சா, இல்ல பசியானு மொதல்ல பாருங்க

காய்ப்பு கொறைஞ்சுட்டா உடனே வயசுனு முடிவு பண்ணிடாதீங்க. பத்து வருஷமா ஒரு கூடை எரு கூட போடாத மரம் 20 வயசுலயே கெழவன் மாதிரி நிக்கும், அதுக்கு அரிவாள் தேவையில்ல, சோறு போட்டா போதும்.

நெசமா வயசான மரத்துக்கு அடையாளம் வேற. அடி மரத்துக்கிட்ட நின்னு மேல பாருங்க. உள் கெளையெல்லாம் இலையே இல்லாம வெறும் குச்சியா இருக்கும், இலை எல்லாம் குடை மாதிரி வெளி விளிம்புல மட்டும் இருக்கும். மா மரத்துல பூ வர்றது கொப்பு நுனில, அந்த நுனிக்கு வெயில் படணும். உள்ள வெயில் போகலன்னா உள் கொப்பு செத்துடும், அப்புறம் காய்க்கிற எடமே வருஷா வருஷம் மேல மேல போய்ட்டே இருக்கும். மரம் பெருசாகுது காய்ப்பு சிறுசாகுதுங்கறது இதனால தான், பொதுவா 40 வயசு தாண்டுன அடர்ந்த தோப்புல இது நல்லா தெரியும். போதாக்குறைக்கு அந்த இருட்டும் ஈரமும் தத்துப்பூச்சிக்கு சொர்க்கம், பூ எடுக்குற நேரத்துல எவ்ளோ மருந்து அடிச்சாலும் உள்ள போய் சேராது.

அடுத்து அடி மரத்தை ஒரு சுத்தியலால தட்டிப் பாருங்க. கெட்டியா சத்தம் வந்தா சரி. டப் டப்னு பொள்ளல் சத்தம், அடில காளான் மொளைச்சிருக்கு, பட்டை கையோட உரிஞ்சு வருதுன்னா அந்த மரத்தை விட்டுடுங்க. அதை வெட்டிப் புதுப்பிக்க முடியாது, எடுத்துட்டு புது ஒட்டுக்கன்னு வைக்கிறது தான் வழி. பாதிக்கு மேல உளுத்த மரத்துல மூணு வருஷம் பாடுபட்டு கடைசில காத்துல சாஞ்சு போனதை பாத்திருக்கேன்.

2. வெட்டுறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

மொத்தத்துல ரொம்ப முக்கியமானது தண்ணி. வெட்டுன மரத்துக்கு அடுத்து வர ரெண்டு கோடைக்கு தண்ணி குடுக்க வழி இருக்கணும், டேங்கர்ல ஊத்துனாலும் சரி. அது இல்லன்னா வெட்டாதீங்க.

ரெண்டாவது வருமானம். வெட்டுன மரம் ரெண்டு மூணு வருஷத்துக்கு காய் தராது. குத்தகைப் பணத்தை நம்பி இருக்கற குடும்பம்னா இதை வீட்ல மொதல்லயே பேசிடணும், வெட்டுனதுக்கப்புறம் பேசுனா சண்டை தான்.

மூணாவது வேலி. புது துளிர் ஆடு மாட்டுக்கு லட்டு மாதிரி.

சாமான்னு பாத்தா செயின் சா, கைவாள், நல்ல தடிமனான கயிறு, ஏணி, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), சுட்ட சுண்ணாம்பு, பெயிண்ட் பிரஷ். மரம் ஏறத் தெரிஞ்ச ஆள் ரெண்டு பேர்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். மர யாவாரி வந்து "நானே ஃப்ரீயா வெட்டிக்கிறேன், கட்டை மட்டும் எனக்கு"னு சொல்லுவாரு. கேக்க நல்லா இருக்கும். ஆனா அவருக்கு வேண்டியது தடி கட்டை, அதனால எவ்ளோ கீழ வெட்ட முடியுமோ அவ்ளோ கீழ வெட்டுவாரு, பட்டை கிழிஞ்சாலும் அவருக்கு கவலை இல்ல. கூலி குடுத்து நீங்க வெட்டுங்க, கட்டையை அப்புறமா எடை போட்டு வித்துக்கலாம்.

தோட்டக்கலை ஆபீஸ்லயும் ஒரு தடவை கேட்டுடுங்க. பழைய தோப்பைப் புதுப்பிக்க மானியம் குடுக்குற திட்டம் இருக்கு, தொகையும் விதியும் அப்பப்ப மாறும், ஆனா எப்பவும் வெட்டுறதுக்கு முன்னாடி தான் விண்ணப்பம், வெட்டிட்டு போய் நின்னா எதை வெச்சு தருவாங்க. உங்க நெலம் மலைப்பகுதினு அறிவிச்ச எடத்துல இருந்தா 1955 மரப் பாதுகாப்பு சட்டம் இருக்கு, அங்க அனுமதி வேணுமானு விசாரிக்காம வாளை எடுக்காதீங்க.

3. அந்த வருஷக் காயை நேரத்துல எறக்குங்க

கவாத்துக்கும், அதாவது கெளை வெட்டி விடறதுக்கும், காய்க்கும் என்ன சம்பந்தம்னு எல்லாரும் இந்த எடத்தை தாண்டிப் போய்டுவாங்க. சம்பந்தம் இருக்கு. காய் மரத்துல எவ்ளோ நாள் தொங்குதோ அவ்ளோ நாள் மரம் தன் சேமிப்பை காய்க்கும் கொட்டைக்கும் குடுத்துட்டே இருக்கும். வெட்டுனதுக்கப்புறம் துளிர் வர்றதே அந்த சேமிப்புல தான், இலையே இல்லாத மரம் வேற எங்கேந்து சாப்பிடும். ஜூலை கடைசி வரைக்கும் விலை ஏறும்னு காயைத் தொங்க விட்டுட்டு ஆகஸ்ட்ல வெட்டுனா களைச்சுப் போன மரத்தை ஆபரேஷன் டேபிள்ல படுக்க வெச்ச மாதிரி. வெட்டாத மரத்துலயும் இதே கதை தான், ரொம்ப லேட்டா எறக்குன மரம் அடுத்த வருஷம் பூ எடுக்கறதுல சுணங்கும், ஒரு வருஷம் காய்ச்சு ஒரு வருஷம் ஏமாத்துற கொணம் இன்னும் மோசமாகும்.

காய்க்கும் நல்லதில்ல. மாங்காய் முத்துனதுக்கப்புறம் மரத்துல விட்டா இன்னும் இனிக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. பாதி தான் சரி. முத்துன காயில மாவுச்சத்து ஏறி முடிஞ்சிடும், அதை எறக்கி வெச்சாலே அது சர்க்கரையா மாறி, புளிப்பு கொறைஞ்சு, சதை எளகி பழமாகும். மரத்துலயே விட்டா இந்த வேலை உள்ள கொட்டைக்கிட்ட ஆரம்பிச்சு வெளிய வரும், நீங்க மேல தொட்டுப் பாத்தா கல்லு மாதிரி இருக்கும், வெட்டுனா கொட்டையை சுத்தி கொழகொழனு பழத்துக்கும் மேல போயிருக்கும்.

அல்போன்சா வெச்சிருக்கவங்களுக்கு இது நல்லாவே தெரியும். வெளிய பாக்க தங்கம், உள்ள வெள்ளையா பஞ்சு மாதிரி ஒரு திட்டு, ஒரு மாதிரி வாடை. ஆராய்ச்சி பண்ணவங்க சொல்ற காரணம் என்னன்னா கொட்டை பழத்துக்குள்ள இருக்கும்போதே மொளைக்க தயாராகுது, அதுக்கு வேண்டியதை சதைலேந்து உறிஞ்சுக்குது. தரைச் சூடும் இதை அதிகமாக்கும், அதனால மரத்தடில காஞ்ச இலையை மூடாக்கா போட்டா கொஞ்சம் கொறையும். ஆனா நல்ல மருந்து நேரத்துல எறக்குறது தான், அல்போன்சாவை முழுசா முத்துறதுக்கு கொஞ்சம் முன்னாடியே, 85 சதவீதம் முத்துன பக்குவத்துல எறக்கிடணும்னு சொல்றது இதுக்காகத்தான். நீலத்தையும் அல்போன்சாவையும் கலந்து மகாராஷ்டிராவுல எடுத்த ரத்னா ரகத்துக்கு இந்த பஞ்சு நோய் கெடையாது, இது சும்மா தகவலுக்கு.

சரி, முத்துனதை எப்படி கண்டுபிடிக்கிறது. பிஞ்சு பிடிச்சு சுமாரா நாலு மாசம்ங்கறது ஒரு கணக்கு, ரகத்துக்கு ரகம் மாறும். கண்ணால பாத்தா காம்பு இருக்கற எடம் குழியா எறங்கி ரெண்டு தோளும் மேல எழும்பி நிக்கும். தோல் மேல சாம்பல் பூத்த மாதிரி ஒரு மாவு. ஒரு காயை அறுத்தா கொட்டை ஓடு கத்திக்கு மசியாது, ஓட்டை ஒட்டுன சதை லேசா மஞ்சள் கட்டியிருக்கும். சந்தேகமா இருந்தா ஒரு பக்கெட் தண்ணில போடுங்க, முத்தின காய் மூழ்கும், எளசு மிதக்கும். எல்லாத்தையும் விட எங்க ஊர் பெருசுங்க வழி ஒண்ணு இருக்கு, மரத்துலேந்து பழுத்த பழம் தானா ஒண்ணு ரெண்டு விழுந்துச்சுன்னா அந்த மரம் ரெடி. பூச்சி விழுந்த பழம், அணில் கடிச்ச பழம் இதுல சேத்தி இல்ல.

எறக்கும்போது கம்பால அடிக்காதீங்க. வலை கட்டுன தொரட்டில, ஒரு சென்டிமீட்டர் காம்போட எறக்கி, சாக்கு மேல காம்பு கீழ பாக்குற மாதிரி கவுத்து வைங்க, பால் வடிஞ்சுடும். பால் தோல் மேல பட்டா கருப்பா வெந்து போய் மண்டில பாதி விலைக்குத் தான் எடுப்பாங்க. பழுக்க வைக்க கார்பைடு கல்லு வேண்டாம், அது சட்டப்படி தடை, எத்திலீன் வாயு விட்டு பழுக்க வைக்கிற சேம்பர் இருந்தா அங்க குடுங்க, இல்லன்னா வைக்கோல் இருக்கவே இருக்கு.

விழுந்த அழுகல் பழத்தை மட்டும் மரத்தடில விடவே விடாதீங்க. பழ ஈ முட்டை போடறது பழுக்கப் போற காயில, புழு பழத்துக்குள்ள வளந்து பழம் விழுந்ததும் மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயா வரும். எல்லாத்தையும் பொறுக்கி ஆழமா குழி தோண்டி பொதைங்க. தோப்பை வெட்டுற வருஷம் தானேனு விட்டீங்கன்னா பக்கத்துல வெட்டாம விட்ட மரத்துக்கு தான் கேடு.

4. எத்தனை மரம் வெட்டணும்

எல்லாத்தையும் ஒரே வருஷத்துல வெட்டாதீங்க. ஏக்கருக்கு 40 மரம்னா மூணு பங்கா பிரிச்சு மொத வருஷம் 13 இல்லன்னா 14 மரம், மறு வருஷம் அடுத்த பங்கு. காரணம் வருமானம் மட்டும் இல்ல. வெட்டுன ஒவ்வொரு மரத்தையும் அடுத்த ஆறு மாசம் பத்து நாளைக்கு ஒரு தடவை நீங்க நேர்ல போய் பாக்கணும், 40 மரத்தை அப்படி பாக்க ஒரு ஆளால ஆகாது.

அங்கொண்ணு இங்கொண்ணா வெட்டாம வரிசையா வெட்டுங்க. பெரிய மரத்துக்கு நடுவுல ஒத்தை மரத்தை வெட்டுனா அது மேல நெழல் விழும், துளிர் வெயிலைத் தேடி கழி மாதிரி நீட்டமா ஓடிடும்.

5. வெட்டுறதுக்கு முன்னாடி செய்யற சில்லறை வேலை

காய் எறக்குன உடனே ஒரு நல்ல தண்ணி. மழை வந்தா அதுவே போதும்.

புல்லுருவி இருந்தா மார்க் பண்ணி வைங்க. குருவி அதோட பழத்தை தின்னுட்டு பிசுபிசுனு இருக்கற விதையை கொப்புல தேச்சுட்டு போய்டும், அது மரத்துக்குள்ள வேர் விட்டு உறிஞ்சும். அதை மட்டும் ஒடிச்சா திரும்ப வரும், ஒட்டியிருக்கற எடத்துக்கு ஒரு அடி கீழ கெளையோட வெட்டணும். எப்படியும் கெளையை வெட்டத்தான போறோம், வெட்டுற கோட்டை புல்லுருவிக்கு கீழ வர மாதிரி போட்டுக்கோங்க.

அடி மரத்துல ரம்பத்தூள் மாதிரி கொட்டியிருக்கா பாருங்க. இருந்தா தண்டு துளைப்பான் புழு உள்ள இருக்குனு அர்த்தம். சைக்கிள் கம்பியை வளைச்சு ஓட்டைக்குள்ள விட்டு புழுவைக் குத்தி இழுத்துட்டு, ஓட்டையை களிமண்ணால அடைங்க. புழு கட்டை வெரல் தண்டிக்கு கூட இருக்கும், மொத தடவை பாக்கறவங்க பயந்துடுவாங்க. புழு இருக்கற மரத்தை அப்படியே வெட்டுனா மரம் தளர்ந்திருக்கற நேரம் பாத்து அது உள்ளயே முடிச்சுடும்.

6. வெட்டு

மாசம் எதுங்கறதுல தான் பெரிய கொழப்பம். லக்னோல இருக்கற மத்திய துணை வெப்பமண்டல தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தான் இந்த முறையை நல்லா வளத்து எடுத்தாங்க, அவங்க சொல்றது டிசம்பர் ஜனவரி. இன்டர்நெட்ல தேடுனா அது தான் மொதல்ல வரும். ஆனா அது உத்தரப்பிரதேசக் குளிருக்கு போட்ட கணக்கு, அங்க குளிர் முடிஞ்சு துளிர் கெளம்பும். நம்ம பக்கம் டிசம்பர்ல வெட்டுனா துளிர் எளசா இருக்கும்போதே மார்ச் வெயில் வந்துடும், தண்ணியும் இருக்காது. நம்ம ஊருக்கு காய் எறக்கி முடிச்சு ஆகஸ்ட் செப்டம்பர். துளிர் கெளம்பும்போது வடகிழக்கு மழை கைகுடுக்கும், கோடை வர்றதுக்குள்ள இலை முத்திடும்.

நான் ஏப்ரல்ல வெட்டுனேன்னு சொன்னேன்ல. 40 வருஷம் நெழல்லயே இருந்த பட்டை மேல திடீர்னு அக்னி வெயில் அடிச்சா என்ன ஆகும், பட்டை வெந்து நீளமா வெடிச்சுது, வெடிப்புல துளைப்பான் வண்டு முட்டை வெச்சுது, அடுத்த தீபாவளிக்குள்ள ரெண்டு மரம் காலி.

உயரம் தரைலேந்து 4 மீட்டர், அதாவது சுமாரா 13 அடி, அஞ்சு மீட்டர் வரைக்கும் போகலாம். இதுக்கு கீழ போனா துளிர் வர்றது கஷ்டம், தடிச்ச பழைய பட்டைல உறங்குற மொட்டு கம்மி. இதுக்கு மேல விட்டா ரெண்டே வருஷத்துல மறுபடி ஏணி எட்டாத உயரம்.

மொதல்ல தரைல நின்னு முடிவு பண்ணுங்க, சாக்பீஸால கோடு போடுங்க. நாலு பக்கமும் பரவி இருக்கற நாலு இல்ல அஞ்சு பெரிய கொம்பு வேணும். நட்ட நடுவுல செங்குத்தா போற கொம்பை அடியோட எடுத்துடுங்க, அந்த ஓட்டை வழியா தான் வெயில் உள்ள எறங்கணும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனது, காஞ்சது, உள் பக்கமா திரும்புனதும் போகட்டும்.

சில பேர் ஒரே ஒரு கெளையை இலையோட விட்டுட்டு மத்ததை வெட்டுவாங்க, மறு வருஷம் அதையும் எடுப்பாங்க. பலவீனமான மரத்துக்கு நான் இப்ப அப்படித்தான் பண்றேன். அந்த ஒரு கெளை மரத்துக்கு சோறு போடும், நெழலும் தரும்.

தடி கெளையை ஒரே வெட்டா மேலேந்து அறுக்காதீங்க. பாதி அறுபடும்போதே கெளை எடை தாங்காம மடங்கி அடி மரம் வரைக்கும் பட்டையை உரிச்சுட்டு போய்டும், அந்த காயம் ஆறவே ஆறாது. மூணு வெட்டு. கோட்டுக்கு ஒரு அடி வெளிய, அடிப்பக்கத்துலேந்து மேல நோக்கி மூணுல ஒரு பங்கு அறுங்க. அதுக்கு ரெண்டு இஞ்ச் வெளிய மேலேந்து அறுத்தா கெளை சுத்தமா ஒடிஞ்சு விழும். மிச்சம் இருக்கற முண்டுக் கட்டையை கடைசியா கோட்டுல சாய்வா வெட்டுங்க, தண்ணி தேங்காம வழிஞ்சு போற மாதிரி. கெளைல கயிறு கட்டி ஆள் பிடிச்சுக்கணும், கீழ யாரும் நிக்கக் கூடாது, மழை பேஞ்சு வழுக்குற அன்னைக்கு வேலையை ஒத்திப் போடுங்க.

7. அதே நாள் பசை

சாயங்காலத்துக்குள்ள எல்லா வெட்டு வாய்லயும் போர்டோ பசை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சண மருந்து, பூசணும், நாளைக்குனு வெச்சா ராத்திரியே பூஞ்சணம் உக்காந்துடும்.

ஒரு கிலோ மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணில, ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டர் தண்ணில தனித்தனியா கரைங்க. பிளாஸ்டிக் பக்கெட்லயோ மண்பானைலயோ கரைக்கலாம், இரும்பு வாளி கூடாது, மயில்துத்தம் இரும்பை அரிச்சுடும். ரெண்டையும் சேத்து கலக்கிட்டு ஒரு இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்க. கத்தில செம்பு நெறம் படிஞ்சா துத்தம் தூக்கலா இருக்கு, துளிரை சுட்டுடும், இன்னும் சுண்ணாம்பு சேருங்க. அன்னைக்கு கலக்குனதை அன்னைக்கே காலி பண்ணிடணும்.

அப்புறம் அடி மரத்துக்கும் வெட்ட வெளில நிக்கற கொம்புக்கும் சுண்ணாம்பு அடிச்சுடுங்க. அழகுக்கு இல்ல, வெயிலைத் திருப்பி அனுப்ப. அந்த ஏப்ரல்ல நான் இதையும் பண்ணல.

8. துளிர் கழிக்கிறது

எல்லாரும் கோட்டை விடற எடம் இது தான். வெட்டி ஒரு ரெண்டு மாசத்துல வெட்டு வாய்க்கு கீழ கொத்து கொத்தா துளிர் வரும், ஒரு கொம்புக்கு முப்பது நாப்பது கூட வரும். பாக்க ஆசையா இருக்கும், மரம் பொழைச்சுடுச்சுனு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டு போய்டுவாங்க. ஆறு மாசம் கழிச்சு வந்தா மரம் தொடப்பம் மாதிரி நிக்கும், மறுபடி அதே இருட்டு, இந்த தடவை பத்து அடி கீழ.

துளிர் பென்சில் தண்டி ஆனதும் மொத கழிப்பு. ஒரு கொம்புக்கு அஞ்சாறு மட்டும் வைங்க, வெளிப்பக்கமா பாத்து போறது, ஒண்ணுக்கொண்ணு ஒரு சாண் எடைவெளி இருக்கறது. மத்ததை கையால ஒடிச்சு எடுங்க, எளசா இருக்கும்போது சுலபமா வரும். உள்பக்கம் பாக்குறது, நேரா வானத்தைப் பாத்து போறது எவ்ளோ கொழுகொழுனு இருந்தாலும் எடுத்துடுங்க, மனசு கேக்காது தான்.

அஞ்சாறு மாசம் கழிச்சு ரெண்டாவது கழிப்பு, கொம்புக்கு ரெண்டு மூணு போதும். மொதல்லயே ரெண்டு மூணா கொறைச்சா என்னனு கேக்கலாம். இந்த துளிர் பட்டைக்கு அடிலேந்து வந்தது, கெட்டியான பிடிமானம் இன்னும் இருக்காது, பலமா காத்தடிச்சா அடியோட பிஞ்சு வந்துடும். உபரியா வெச்சிருந்தா தான் நல்லது மிஞ்சும். ரொம்ப நீளமா ஓடுறதை நுனி கிள்ளி விட்டா பக்கக் கொப்பு வந்து தடிக்கும்.

அடி மரத்துல ஒட்டு கட்டுன எடத்துக்கு கீழேந்து வர துளிரை எப்பவும் எடுத்துடணும், அது உங்க ரகம் இல்ல, வேர்ச்செடியோட நாட்டு மா.

ரகம் மாத்தணும்னு நெனைக்கறவங்களுக்கு இது நல்ல சந்தர்ப்பம். பெங்களூரா மரத்துல இமாம்பசந்த் வேணும்னா இந்த புது துளிர்ல ஆப்பு ஒட்டு கட்டலாம். கை தேர்ந்த ஆளை வெச்சு கட்டுங்க, நான் கட்டுனது பத்துக்கு மூணு தான் ஒட்டுச்சு.

9. உரமும் தண்ணியும்

வளந்த மாமரத்துக்கு வருஷத்துக்கு தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து ஒரு கிலோ, மணிச்சத்து ஒரு கிலோ, சாம்பல்சத்து ஒன்றரை கிலோனு பரிந்துரை இருக்கு. கடைக் கணக்குல யூரியா 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் ஆறேகால் கிலோ, பொட்டாஷ் ரெண்டரை கிலோ. வெட்டுன மொத வருஷம் நான் யூரியாவை மட்டும் பாதியா கொறைச்சுடுவேன், முழுசா போட்டா துளிர் கரும்பு மாதிரி சரசரனு ஏறி காத்துக்கு ஒடியும்.

மரத்தடில கொட்டாதீங்க, உறிஞ்சுற வேர் அங்க இல்ல. மழைத் தண்ணி இலைலேந்து சொட்டுற எடத்துல தான் அது இருக்கும். வெட்டுன மரத்துல இப்ப இலை இல்ல, அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே நெழல் விளிம்புல ஒரு வட்டம் போட்டு வெச்சுக்கோங்க, செப்டம்பர் அக்டோபர்ல ஈரம் இருக்கும்போது அந்த வட்டத்துல போட்டு மண்ணால மூடுங்க.

கோடைல மண்ணு காயாம பாத்துக்கிட்டா போதும், தேங்க விடக்கூடாது. இலைச்சருகை மூடாக்கா போட்டா பாதி தண்ணி மிச்சம்.

இப்ப தோப்புக்குள்ள வெயில் விழுதுல்ல, அந்த எடத்தை சும்மா விடாதீங்க. கொள்ளு, உளுந்து, நெலக்கடலை ஏதாவது போட்டா ரெண்டு வருஷத்துக்கு கைச்செலவுக்கு ஆச்சு. மரத்துக்கிட்ட மட்டும் ஆழமா உழாதீங்க, வேர் அறுந்தா வெட்டுக்கு மேல வெட்டு.

10. பத்து நாளைக்கு ஒரு தடவை பாக்க வேண்டியது

கீழ எளம் இலை கத்திரிக்கோலால வெட்டுன மாதிரி துண்டு துண்டா கெடந்தா அது இலை வெட்டும் வண்டு. முட்டை அந்த விழுந்த இலைல தான் இருக்கும், அதனால பொறுக்கி எரிச்சாலே பாதி கொறையும். மழை நேரத்துல எளந்துளிர்ல கருப்புப் புள்ளி வந்து நுனி கருகுனா ஆந்த்ராக்னோஸ்ங்கற பூஞ்சண நோய், தாமிர மருந்து அடிக்கணும். ரம்பத்தூள் தெரிஞ்சா மறுபடி சைக்கிள் கம்பி. பூச்சி மருந்து பேரு நான் இங்க போடல, எது இப்ப அனுமதில இருக்கு எது தடைங்கறது மாறிட்டே இருக்கு, பழைய பேரை நம்பி கடைல போய் நிக்காம தோட்டக்கலை ஆபீஸர்கிட்ட கேட்டு வாங்குங்க.

11. மொத பூவும் அதுக்கப்புறமும்

ரெண்டாவது வருஷம் டிசம்பர் ஜனவரில சில கொப்புல பூ எட்டிப் பாக்கும். நான் கிள்ளிடுவேன். கொப்பு இன்னும் வெரல் தண்டி தான், நாலு காய் தொங்குனா வளைஞ்சு அந்த வளைவு அப்படியே நின்னுடும். மூணாவது வருஷம் வர பூவை விட்டுடுங்க. பூ சீக்கிரம் வரணும்னு கல்டார் ஊத்துறது இந்த மரத்துக்கு வேண்டவே வேண்டாம், அது வளர்ச்சியை அடக்கி பூ வரவைக்கிற மருந்து, நமக்கு இப்ப வளர்ச்சி தான் வேணும்.

மொத அறுவடைல எண்ணிக்கை கம்மியா இருக்கும், ஆனா காய் பெருசா, நெறமா, கைக்கெட்டுற உயரத்துல இருக்கும். தொரட்டி கூட தேவைப்படாது சில மரத்துல.

அதுலேந்து வருஷா வருஷம் காய் எறக்குன பதினஞ்சு இருவது நாளைக்குள்ள ஒரு சின்னக் கவாத்து. காய்ச்ச கொப்பு நுனியை ஒரு சாண் வெட்டி விடறது, உள்ள போறதை எடுக்கறது, அவ்ளோ தான், கைக்கத்தரியே போதும். இதை அக்டோபருக்கு மேல தள்ளாதீங்க. வெட்டுன எடத்துல வர புது கொப்பு முத்துனா தான் பூ எடுக்கும், லேட்டா வந்த எளங்கொப்புல தை மாசம் இலை தான் வரும், பூ வராது. குத்தகைக்கு விடறவங்க இந்த தேதியை ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க, ஜூன் கடைசிக்குள்ள காய் எறக்கி முடிக்கணும்னு, நீலம் மாதிரி லேட் ரகத்துக்கு மட்டும் ஜூலை கடைசி வரைக்கும். எழுதலன்னா குத்தகைக்காரர் கடைசி காய் பழுத்து விழற வரைக்கும் மரத்தை விட மாட்டாரு.

ரெண்டாவது பங்கு மரத்தை மறு வருஷம் வெட்டும்போது போன வருஷ வெட்டு வாய் எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்துட்டு வாங்க, பசை உரிஞ்சு கட்டை வெடிச்சிருந்தா அன்னைக்கு கலக்குற பசைலயே அதுக்கும் ஒரு பூச்சு குடுத்துடலாம்.